கந்தோருக்குப் போகும் தலை

கத்தரிக்கோல் என் பிடரியில் பட்ட நேரம் பார்த்துப் படலை திறந்தது.

மாமா.

தோட்டத்தில் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க வேண்டிய மனிதர். முடி வெட்ட வந்த கந்தப்புவின் கை அப்படியே நின்றது. என் உயிரும் ஏறக்குறைய நின்றுவிட்டது.

முற்றத்து மாமரத்தடியில், பலகையில், இடுப்பில் பழைய துண்டோடு குந்தியிருந்த எனக்கு ஓடி ஒளிய நேரமில்லை. ஒளிந்தாலும் அது மாமாவின் வீடு. கலியாணம் முடித்த நாளிலிருந்து பெண் வீட்டோடு இருக்கிறவன் நான்.

திங்கட்கிழமை பட்டினத்தில் வெள்ளைக்காரக் கொம்பனியொன்றின் கந்தோரில் வேலைக்குச் சேர வேண்டும். களிசான் தைத்தாயிற்று. கோட்டும் தைத்தாயிற்று. சப்பாத்து காலைக் கடித்தாலும் நடக்கப் பழகிவிட்டேன். இவ்வளவும் பெரிய துரைக்குப் போதவில்லை. குடுமியோடு வருகிறவனுக்கு என் கந்தோரில் உட்காரக் கதிரை கிடையாது, கிராப்பு வெட்டிக்கொண்டு வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

இதை மாமாவிடம் யார் சொல்வது?

குணலட்சுமியை எனக்குக் கொடுத்ததே இந்தக் குடுமிக்காகத்தான். என்னைவிடக் காணியும் படிப்பும் கூடிய இரண்டு பேர் அவளைக் கேட்டு வந்திருந்தார்கள். கிராப்புத் தலைக்கு என் பிள்ளை இல்லை என்று இருவரையும் வந்த வழியே அனுப்பியவர் என் மாமா மார்க்கண்டர்.

பிள்ளையார் கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்கிறவர் அவர். ஒருவர் பாட்டைப் படிக்க, இவர் பொருளை விரித்துச் சொல்லுவார். இணுவில் ஊர்ச் சனம் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வாயில் நான் விழுந்தால் பிறகு ஊரில் தலை காட்ட முடியுமா? கிராப்புத் தலையோ, குடுமித் தலையோ.

அதனால்தான் புதன்கிழமை, அவர் தோட்டத்துக்குப் போகிற நேரமாய்ப் பார்த்துக் கந்தப்புவை வரச் சொன்னேன். பட்டினத்திலேயே வெட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுத் தலைகளுக்கு உரிமைக்காரர் கந்தப்பு. இன்னொருவர் கத்தி பட்டால் அவர் பிறகு எங்கள் படலை மிதிக்கமாட்டார். முறை நாள் இல்லாத நாளில், அதுவும் பட்டப்பகலில், அவர் கத்திப் பெட்டியோடு வருவதை மாமா வழியில் கண்டிருக்க வேண்டும். என் புத்தி அவ்வளவுதான்.

குணலட்சுமி குசினி வாசலில் நின்றாள். அன்று காலையில் என் குடுமிக்கு நல்லெண்ணெய் வைத்துச் சீவி முடிந்துவிட்டவள் அவள். வெட்டப்போகிற முடிக்கு எண்ணெய் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மாமா கிட்ட வந்தார். காலில் தோட்டத்து மண் இல்லை. நெற்றியில் திருநீறு ஈரம் காயாமல் இருந்தது. கண்டேனே தவிர, அந்தப் பயத்தில் ஒன்றும் யோசிக்கவில்லை.

சால்வையை எடுத்து மாங்கொப்பில் போட்டார்.

"எழும்பும் தம்பி."

எழும்பினேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன்.

அவர் அந்தப் பலகையில் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். குடுமியை அவிழ்த்துத் தோளில் விட்டார். பாதிக்கு மேல் நரைத்த முடி, முதுகுவரை விழுந்தது.

"முதல் எனக்கு வெட்டு, கந்தப்பு. ஆரும் கேட்டால், மாமன்தான் கிராப்பு வெட்டி மருமோனையும் கெடுத்தவன் எண்டு போற வீடெல்லாம் சொல்லு."

கந்தப்பு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். கத்தரிக்கோல் கறுக் கறுக்கென்று சத்தம் போட்டது.

இரண்டு தலையும் முடிந்ததும் மாமா தன் பிடரியைத் தடவிப் பார்த்து, காற்று நன்றாகத்தான் பிடிக்கிறது என்றார். குணலட்சுமி சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாமா சொன்னதைக் கந்தப்பு தட்டவில்லை. மறுநாளே ஊர் முழுக்க அதே கதை. வயது போன நேரத்தில் மார்க்கண்டருக்கு நாகரிகம் தலைக்கேறிவிட்டது, அந்த அப்பாவி மருமகன் என்ன செய்வான், பாவம். என்னை ஒருவர்கூட நையாண்டி செய்யவில்லை. நான் பாவமாகிவிட்டேன்.

என்னைப் பெற்றவர்கூட எனக்காக இப்படி ஊர்வாயில் விழுந்திருக்கமாட்டார். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று இருந்தது. அவர் முகத்தைக் கண்டால் சப்பாத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கிவிடுவேன். அவர் எனக்காகச் செய்தது அவ்வளவுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போனபோது புராணம் தொடங்கியிருந்தது. பயன் சொல்கிற குரல் மாமாவுடையதல்ல. பக்கத்து வளவுக் கதிரவேலு அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மாமாவின் சிறு பீடம். அதன்மேல் மாமாவின் பட்டுத்துணி, மாமாவின் புத்தகம்.

குடுமியில்லாதவர் அந்த இடத்தில் இருப்பது எங்கள் கோயிலில் வழக்கமில்லை. அது எனக்குத்தான் நினைவு வரவில்லை. வாசலில் நின்றவரைக் கேட்டேன்.

"உமக்குத் தெரியாதே? புதன்கிழமை காலமை உம்மடை மாமாவே எல்லாத்தையும் கொண்டுவந்து கதிரவேலுவின்ரை கையிலை குடுத்திட்டார்."

புதன்கிழமை காலை. கந்தப்பு எங்கள் படலைக்கு வருவதற்கு முன்பே. மாமா யாரையும் வழியில் காணவில்லை. குணலட்சுமி முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, கோயிலிலிருந்து நேரே மாமரத்தடிக்கு வந்திருக்கிறார்.

உள்ளே, பின்தூணடியில், கேட்கிறவர்களோடு வெறுந்தரையில் இருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார்.

"இரும் தம்பி," என்றார் மெதுவாக. "திங்கட்கிழமை உமக்குக் கதிரையெல்லோ."