இருபத்து மூன்றாம் இடம்

மேஜையைச் சுற்றி அக்கா, அத்தான், அம்மா, நான். மேஜைமேல் லேப்டாப், முகாமின் வரைபடம், அத்தானின் மூக்குக்கண்ணாடி. பின்கதவுக்கு வெளியே, துணி காயும் கொடிக்குக் கீழே, புது டென்ட்.

மணி ஒன்பது இருபது. தேசியப் பூங்காவின் ஆற்றங்கரை முகாமுக்கு முன்பதிவு சரியாகப் பத்து மணிக்குத் திறக்கும். நல்ல இடங்கள் இரண்டு நிமிடத்தில் போய்விடுமாம்.

அத்தான் வரைபடத்தில் நான்காம் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டார். பக்கத்திலேயே காவலர் அறை. ராத்திரி முழுக்க விளக்கு எரியும்.

அக்கா பேனாவைப் பிடுங்கி இருபத்து மூன்றை வட்டமிட்டாள். கடைசி இடம். பத்தடியில் ஆறு.

"ஆத்துச் சத்தத்துல யாராவது வந்தாக்கூடக் கேக்காதே," என்றார் அத்தான்.

"கேட்டுக்கிட்டே படுத்ததெல்லாம் போதும்."

அதற்குப் பிறகு யாரும் நான்கைப் பற்றிப் பேசவில்லை.

பதினான்கு மாதமாக அக்கா ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அத்தான் வெளியூர் போயிருந்த ஓர் இரவு, வாசல் கதவு வழியாக ஒருவன் வந்து அவள் அறையில் நின்றான். அவளுக்குக் குரல் வரவில்லை. பக்கத்து அறையில் அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அவன் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனான்.

நடந்தது அவ்வளவுதான்.

கதவை உடைத்த அடையாளம் இல்லை என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார். கள்ளச்சாவிதான் என்று அத்தான் முடிவுகட்டினார். மூன்று முறை பூட்டை மாற்றினார். அக்கா படுக்கப் போகும்முன் கதவை இழுத்துப் பார்ப்பாள். நாலு எட்டு நடப்பாள். திரும்பி வந்து மறுபடி இழுப்பாள்.

நான் கிடங்கில் பார்த்த இரவு வேலையை விட்டுவிட்டு, கூடத்து சோபாவில் படுக்க ஆரம்பித்தேன். உடம்பு வளையாதவன் என்று அம்மா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

அத்தான் முகாமின் விதிகளைச் சத்தமாக வாசித்தார். சாப்பாட்டுப் பொருளையெல்லாம் அங்கிருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மிருகங்கள் வரும்.

"சாப்பாட்டுக்குப் பூட்டு, மனுஷங்களுக்கு வெறும் ஜிப்பு. நல்லா இருக்குடி நியாயம்," என்றாள் அம்மா. "இவனைக் கூட்டிட்டுப் போய் வெளிய படுக்கப் போடுங்க. இங்க சும்மாதானே உருண்டுக்கிட்டு கெடக்கான்."

"இவன் வரவேண்டாம். நாங்க ரெண்டு பேர் மட்டும்தான்," என்றாள் அக்கா.

நேற்று சாயங்காலம் அக்கா ஓர் ஒத்திகை பார்த்தாள். டென்ட்டுக்குள் போய் ஜிப்பை மூடினாள். ஐந்தாவது நிமிடம் செருப்பில்லாமல் வீட்டுக்குள் ஓடிவந்தாள். மூச்சு அடங்கியதும், கதவு திறந்திருந்தது, அதனால்தான் வந்தேன் என்றாள்.

அதனால் இன்றைக்கு நிபந்தனை வேறு. அவள் டென்ட்டுக்குப் போனதும் பின்கதவை உள்ளேயிருந்து பூட்டிவிட வேண்டும். அவள் போன் மேஜைமேலேயே இருக்கும். பத்து மணிவரை அவள் தட்டாவிட்டால் அத்தான் இருபத்து மூன்றைப் பதிவுசெய்வார். அதற்குமுன் தட்டினால் லேப்டாப்பை மூடிவிட வேண்டும். இந்த வீட்டில் இனி யாரும் ஆறு, முகாம் என்று வாயெடுக்கக் கூடாது.

ஒன்பது முப்பதுக்கு எழுந்தாள்.

அத்தான் சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அவள் அதை வாங்கி என் கையில் வைத்தாள்.

"இவன் பூட்டட்டும்."

"நான் பூட்டினா என்னவாம்?"

"நீங்க தட்டறதுக்கு முன்னாடியே தொறந்துடுவீங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் மேஜைக்குத் திரும்பிப் போய், கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் அவளோடு பின்கதவுவரை போனேன். படியில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். என் பக்கம் திரும்பாமலே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அன்னைக்கு மாதிரி இழுத்துச் சாத்திட்டுப் போயிடாதடா. சாவியைத் திருப்பு."

அன்றிரவு கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். வேலைக்கு நேரமாகிவிட்டது. கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடினேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவளும் சொல்லவில்லை. அத்தான் மூன்று பூட்டு மாற்றியபோதும்.

கொடிக்குக் கீழே குனிந்து டென்ட்டுக்குள் போனாள். ஜிப் ஏறும் சத்தம் பாதியில் நின்றது. பிறகு மேலேவரை ஏறியது.

கதவைச் சாத்தினேன். சாவியைத் திருப்பினேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

இழுத்துப் பார்த்தேன்.