எலும்புப் பெட்டி

அத்தை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பெட்டி உள்ள வரக்கூடாது. வந்தா நான் வெளிய போறேன்."

பெட்டியைச் சுமந்து வந்த தம்பி மகளுக்குக் கை கடுத்தது. உள்ளே ஒரு மண்டை ஓடு, ஒரு கை, ஒரு கால், கொஞ்சம் முதுகெலும்புத் துண்டுகள். முதல் வருஷம் முடித்த சீனியர் கொடுத்தது. திங்கட்கிழமை மருத்துவக் கல்லூரி. முதல் பரீட்சையே எலும்பில்தான். கையில் எடுத்துப் பார்க்காமல் படித்தவர்கள் எல்லாம் கோட்டை விட்டார்களாம்.

"யாரு தலைடி அது?"

"தெரியாது அத்தை."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் படிக்கப் போறேன்."

அப்பா செய்தித்தாளை மடித்தார். விலங்கியல் பேராசிரியர். இருபது வருஷமாகத் தவளைகளையும் மாணவர்களையும் அறுத்து வருபவர்.

"அக்கா, செத்ததுக்கப்புறம் மனுஷன்னு என்ன இருக்கு? எல்லாம் சுண்ணாம்பு. சுவத்துக்கு அடிக்கிறோமே, அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

"பேரு ஊரு தெரியாம எப்படிடா உள்ள விடறது?"

"உன் வீட்டுக்காரரைப் பேரு ஊரு தெரிஞ்சுதானே விட்டோம். என்ன வாழ்ந்துச்சு?"

அத்தை அசரவில்லை. புருஷன் விட்டுப்போய் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கேட்டுப் பழகியது.

அப்பா பிரசங்கத்தில் இறங்கினார். பயம் அறியாமையின் பிள்ளை. உடம்பு ஒரு சட்டை. கழற்றிப் போட்ட சட்டைக்கு யாராவது அழுவார்களா? எல்லாம் ஆண்டு விழாக்களில் கைதட்டு வாங்கிய சரக்கு. அம்மா எந்தப் பக்கமும் சேராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

கை தாங்காமல் மகள் பெட்டியைச் செருப்பு அலமாரி ஓரமாக இறக்கினாள்.

"பார்த்தியா?" என்றாள் அத்தை. "இந்த வீட்டுல அதுக்கு என்ன மரியாதை கிடைக்கும்னு எனக்குத் தெரியாதா? அதான் வேண்டாம்னேன்."

"சரி, எங்க வைக்கணும்? சிம்மாசனம் ஒண்ணு செய்யச் சொல்லவா?"

அத்தை கொஞ்சம் யோசித்தாள்.

"உள்ள கொண்டு வரட்டும். என் பீரோவுல மேல் தட்டைக் காலி பண்ணித் தரேன். ஆனா நீ எனக்கு ஒண்ணு செய்யணும்."

"ஒண்ணு என்ன, பத்து செய்யறேன். எனக்குப் பொண்ணு படிப்பு முக்கியம்."

"நான் போனதுக்கப்புறம் என் உடம்பை இவ காலேஜுக்கே குடுத்துடலாம்னு இருக்கேன். போய் விசாரிச்சுட்டும் வந்துட்டேன். நெருங்கின சொந்தம் ஒருத்தர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணுமாம். உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா?"

அம்மாவின் கையில் துணி அப்படியே நின்றது.

அத்தை பெட்டியைப் பார்த்தபடி தொடர்ந்தாள். "நாளைக்கு என் தலையும் இப்படித்தான் எவளோ பெத்த பொண்ணோட ஒரு வீட்டுக்குப் போகும். அங்க வாசல்லயே போட்டுடுவாங்களோன்னு ஒரு நினைப்பு. வேற ஒண்ணுமில்ல."

"உனக்குப் புத்தி பிசகிப் போச்சா?" அப்பாவின் குரல் கீழே இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "கூடப் பிறந்தவளைக் கூறு போடக் குடுத்துட்டான்னு ஊரே காறித் துப்பாது?"

"வெறும் சுண்ணாம்புதானேடா."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய வெகு நேரமானது. பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அந்தப் பெட்டியை உன் சீனியர்கிட்டயே திருப்பிக் குடுத்துடும்மா. இப்பல்லாம் பிளாஸ்டிக்லயே நல்லா வருதாம்."