ஏழாவது கருவி

"இதை மட்டும் எடுத்துடாதீங்க சார். எடுத்தா ஒரு வீடே நின்னுபோயிடும்."

அவள் தன் வீட்டைச் சொல்கிறாள் என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. பயம் இருக்கத்தானே செய்யும்.

சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் ஏ.ஐ.க்கு அந்த அலுவலகம் பன்னிரண்டு கருவிகளைக் கொடுத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம். ஏதாவது மக்கர் செய்தால் ஏ.ஐ. அந்த வரிகளைப் படித்துத்தான் எதைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும். வரி சரியில்லையென்றால், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

அந்த வரிகளைச் சோதித்துத் திருத்துவது அவள் வேலை. தேறாததைப் பட்டியலிலிருந்து வெட்டுவது மேலாளர் வேலை. அதனால் ஆபீசில் அவருக்குக் கத்தரி என்று பேர்.

ஏழாவது கருவியை ஏ.ஐ. இரண்டு மாதமாகத் தொடவே இல்லை. 'இணைப்பைச் சரிபார்க்கும், பழுதானதை மாற்றும். தாமதமாகும். வேறு வழியே இல்லையென்றால் மட்டும்' என்று முன்னால் இருந்தவர் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். ஏ.ஐ. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. இணைப்பு அறுந்துபோன சர்வரைக்கூடத் திரும்பத் திரும்ப நிறுத்தி ஓட்டிப் பார்த்ததே தவிர, ஏழாவது பக்கம் திரும்பவில்லை.

காலையிலிருந்து அவள் பதினொரு தடவை மாற்றி எழுதிவிட்டாள். ஒரு தடவை பொறுக்க முடியாமல் 'எது கெட்டாலும் சரிசெய்யும்' என்று போட்டாள். சோதனையில் கேட்ட இருபது கோளாறுக்கும் ஏ.ஐ. ஏழாவதையே கூப்பிட்டது, பாஸ்வேர்டு மறந்துபோனவனுக்கும் சேர்த்து. பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்து, கல்யாணத் தரகர்கூட இப்படி அளக்க மாட்டாரே என்று சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு டப்பாவும் திறக்காமலே கிடந்தது.

கருவி என்ன செய்யும் என்றுதான் எழுத வேண்டும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று எழுதக் கூடாது. அது அங்கே சட்டம். பின்னால் இருப்பது என்னவென்று கத்தரிக்கே தெரியாது. ஒப்பந்தக்காரர் கொடுத்த நம்பரும், பதில் வந்த நேரமும்தான் அவர் திரையில் இருக்கும்.

அந்தத் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். மற்றதெல்லாம் இரண்டு விநாடியில் பதில் சொல்கிறது. இதற்கு இருபது நிமிஷம். மழை நாளில் இன்னும் பத்து நிமிஷம் கூட.

"மழைக்கு ஒதுங்கி நிக்கிற டூலை என் சர்வீஸ்ல இப்பத்தாம்மா பாக்கறேன்."

மூன்று மணிக்குப் பட்டியலைப் பூட்டியாக வேண்டும். சோதனைக் கணக்கு போதும், நிஜமாகக் கெட்டுப்போன ஒன்றில் ஒரே ஒரு தடவை விட்டுப் பாருங்கள் என்று அவள் கெஞ்சினாள். நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அப்போதுதான் ஒரு சர்வர் தொடர்பு அறுந்து நின்றிருந்தது. சரி, அதன் கணக்கே இருபது நிமிஷம்தானே, அதற்கு மேல் ஒரு நிமிஷம் தர மாட்டேன் என்றார் கத்தரி.

அவள் பன்னிரண்டாவது தடவையாக எழுதினாள். 'சர்வர் ஓடுகிறது, ஆனால் யாராலும் அதை எட்ட முடியவில்லை என்றால் முதலில் இதைக் கூப்பிடு. நிறுத்தி ஓட்டினால் சரியாகாது. இருபது நிமிஷம் ஆகும், காத்திரு.' இந்தத் தடவை அளப்பும் இல்லை, ஒளிப்பும் இல்லை.

ஏ.ஐ. படித்தது. ஏழாவதைக் கூப்பிட்டது.

அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே தூறல் போட ஆரம்பித்தது. அவள் திரையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரலில் ரத்தமே வந்துவிட்டது. அக்கா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்; அவள் தொடவில்லை.

பதினெட்டு ஆனதும், இன்னும் அஞ்சே நிமிஷம் கொடுங்கள் என்று அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடிகாரம் இருபதைத் தாண்டியபோது கொஞ்சம் தயங்கினார். பிறகு பட்டியலிலிருந்து ஏழாவதை நீக்கிப் பூட்டிவிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது, நான் எழுதித் தருகிறேன், முதலில் சாப்பிடு என்றார். அவள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. காதில் வைக்கும் முன்னே, மூச்சு வாங்கிக்கொண்டு சந்தோஷமாகக் கத்துகிற ஒரு ஆம்பளைக் குரல் பக்கத்து சீட் வரைக்கும் கேட்டது.

"பாப்பா, அந்த ஏ.ஐ. அப்பாவைக் கூப்பிட்டுடுச்சும்மா, இப்பத்தான் ஒயரை மாத்திட்டு நிக்கறேன்."