பள்ளத்தாக்குப் பக்கத்துக் கால்

பந்து மெதுவாக உருண்டது. பில்லியர்ட்ஸ் மேசையின் பாதியைத் தாண்டியது. நின்றுவிடும்போல் தோன்றிய இடத்தில் வலப்பக்கம் திரும்பியது.

ஜன்னலோர மூலைக் குழிக்குள் விழுந்தது.

இன்னொரு பந்தை உருட்டினான். அதுவும் அங்கேயே போனது.

வேகமாக அடித்த பந்தில் எதுவும் தெரியாது. ஓய்கிற பந்துதான் காட்டிக்கொடுக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தான். கோத்தகிரிக்கு மேலே, சரிவின் விளிம்பில் இருந்தது வீடு. இந்த மேசையைச் சரிசெய்ய அவன் மலையேறுவது மே மாதத்திலிருந்து இது மூன்றாவது தடவை.

பச்சைத் துணியைத் துலக்கினான். பந்துகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தான். துணிக்கு மேலாகவே விரலை ஓட்டி, அடியில் கல்பலகைகள் சேரும் இடத்தைத் தடவினான். மேடு பள்ளம் இல்லை. கால்களின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கிப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன.

மேசையில் குறை இல்லை.

குனிந்தான். ஜன்னலோரக் காலுக்கு அடியில் அவன் வைத்தவை அப்படியே இருந்தன. மே மாதம் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு. ஜூலையில் இரண்டு இரும்புத் தகடுகள்.

இன்று தகடு போதாது. விரல் தடிமனுக்குப் பலகை வேண்டும்.

முதல் தடவை, கால் தேய்ந்திருக்கிறது என்று நினைத்தான். அடுத்த தடவை, மழை ஈரத்தில் மரம் முறுக்கிக்கொண்டது என்று. இருபது வருடமாக மேசையை மட்டுமே பார்த்துப் பழகியவன்.

ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தான்.

குமிழி மலைப் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. பள்ளத்தாக்கைப் பார்த்த ஜன்னல் பக்கம் தரையே தாழ்ந்திருந்தது.

மேசையைச் சுற்றிப் புதுக் கம்பளம் விரித்திருந்தார்கள். போன தடவை அது இல்லை. அதன் ஓரத்தைத் தூக்கினான்.

தரையில் ஒரு வெடிப்பு. ஜன்னலுக்குக் கீழே தொடங்கி, மேசைக்கு அடியில் புகுந்து, அடுத்த அறையின் கதவு வரை போனது. சிமெண்ட் பூசி மூடியிருந்தார்கள். பூசிய சிமெண்டின் நடுவே மறுபடி வெடித்திருந்தது. நாணயத்தைச் செங்குத்தாகச் செருகலாம்.

வெடிப்புக்கு அந்தப் பக்கம் இருந்ததெல்லாம் கீழே போய்க்கொண்டிருந்தது. மேசையின் ஒரு கால். ஜன்னல். அடுத்த அறை முழுவதும்.

“தரையைப் பாக்கவா உன்னை வரச்சொன்னேன்?”

வீட்டுக்காரர் தேவசகாயம் வாசலில் நின்றார். ஊர் கிளப்பின் செயலாளர். இரண்டு கையிலும் காப்பி டம்ளர்.

“சார், வீடு எறங்குது.”

“மலை வீடுன்னா எறங்கும், ஏறும். நீ டேபிளை நிமித்து. பதினோரு மணிக்கு வீடு வாங்கறவங்க வராங்க. அந்தாளுக்கு டேபிள்னா உசுரு. வந்ததும் பந்தைத்தான் கையில எடுப்பான்.”

“இன்னொரு மழை தாங்காதுங்க சார்.”

“கிளப்ல நாலு டேபிள் இருக்கு. இந்த வருசமும் அந்த வேலை உன் கையிலதான்.” ஒரு டம்ளரை நீட்டினார். “ஆறுது பாரு, குடி.”

தூக்கியிருந்த கம்பளத்தைக் காலாலேயே நீவிவிட்டார்.

அவன் காப்பியைக் குடித்தான். காலி டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தான்.

பிறகு பலகையை அறுத்தான்.

ஜாக்கி வைத்துக் காலைத் தூக்கினான். பலகையைச் செருகினான். இறக்கினான். மேசைமேல் வைத்த ரசமட்டத்தில் குமிழி நடுவில் வரவில்லை. மறுபடி தூக்கி ஒரு தகட்டை உருவினான். குமிழி நடுவில் வந்து நின்றது.

சுத்தமான வேலை.

அவர்கள் திருப்பூரிலிருந்து வந்தார்கள். கணவன், மனைவி, ஏழு வயதிருக்கும் மகள்.

கணவன் மேசையின் நடுவில் ஒரு பந்தை வைத்துக் கையை எடுத்தான். எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

பந்து அசையவில்லை.

“மலை மேல வீடுன்னா சாஞ்சிருக்கும்னு உங்கண்ணன் பயமுறுத்துனாப்லயே? நவுருதா பாரு,” என்றான் மனைவியிடம்.

“எங்கண்ணன் இன்ஜினீருங்க.”

“பனியன் கம்பெனில.”

தேவசகாயம் சத்தமாகச் சிரித்தார்.

கணவன் பந்தை மெல்லத் தள்ளினான். நேராகப் போனது. எதிர் விளிம்பைத் தொட்டு, போன வழியே திரும்பி வந்து, அவன் விரலருகே நின்றது.

“இதுக்கு மேல என்ன பாக்கோணும்?” என்றான்.

அடுத்த அறையிலிருந்து மகள் கத்தினாள்.

“அம்மா, இந்த ரூம் எனக்கு! கட்டில்ல படுத்தா மேகம் தெரியுது!”

மேசையைச் சரிசெய்தவன் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். வாங்க வந்தவனின் மனைவி அருகில் வந்தாள்.

“ஏனுங்க, எல்லாம் சரியா இருக்குதுங்களா?”

தேவசகாயம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

“டேபிள் சரியா இருக்குங்க.”

“தீபாவளிக்குக் குடி வந்துருவோம். இவருக்கு டேபிள் கொஞ்சம் சாஞ்சாலும் அன்னைக்குச் சோறு எறங்காது. உங்களத்தான் கூப்பிடோணும். நம்பர் சொல்லுங்க.”

தீபாவளி என்றால் ஐப்பசி. ஐப்பசி என்றால் மழை.

சொன்னான். நிறுத்தி நிறுத்தி, முதல் ஒன்பது எண்களையும் சரியாகச் சொன்னான்.

கடைசி எண் நான்கு.

ஏழு என்றான்.

அவள் முழுவதையும் ஒருமுறை வாசித்துக் காட்டினாள். அடுத்த அறையில் குழந்தை கட்டில்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

“சரிதானுங்களா?”

தலையசைத்தான்.