இரண்டாம் படி

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் போகும் பாதை எளிது. நான் ஸ்கேன் செய்வேன். பக்கத்து நாற்காலி அக்கா சரிபார்ப்பார். மேனேஜர் ஒப்புதல் தருவார். பிறகு அது சர்வரில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அக்கா இறந்தபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அவருடைய கணக்கை மூடச் சொல்லிக் கம்ப்யூட்டர் பிரிவுக்கும் யாரும் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் நான் அவருக்கே அனுப்பிய கோப்புகள் மாலைக்குள் சரிபார்க்கப்பட்டு மேனேஜரிடம் போயிருந்தன. ஒன்று மட்டும் என்னிடம் திரும்பியது. “கோணலா இருக்கு கண்ணு, மறுபடி எடு” என்று குறிப்பு. பார்த்தேன். கோணல்தான்.

மேனேஜரிடம் சொன்னேன்.

“வேலை நடக்குதுல்ல? விடும்மா. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிடப் போகுது” என்றார்.

விட்டுவிட்டேன். அந்த வேலையும் சேர்ந்தால் எனக்கு மூச்சு முட்டும்.

இன்று அக்காவின் கணக்கிலிருந்து ஒரு விடுப்பு விண்ணப்பம் வந்தது. இங்கே யார் லீவு கேட்டாலும், அவர் வேலையைப் பார்க்கப்போகிறவர் முதலில் சம்மதிக்க வேண்டும். அந்த இடத்தில் என் பெயர் இருந்தது. காரணம்: “ரொம்ப அசதியா இருக்கு.”

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “ஆளே பத்தல. அப்புறம் பாக்கலாம்னு போட்டுடு.”

“இப்ப முடியாதுக்கா” என்று தட்டி அனுப்பினேன். கண் எரிந்தது. அடுத்த விண்ணப்பக் கட்டை எடுத்து ஸ்கேனரில் வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

“சரி கண்ணு. நீ இங்க வந்ததும் போய்க்கிறேன்.”