கார் நின்னுச்சே!

"கார் நின்னுச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க!"

டிரைவிங் டெஸ்ட் முடிந்து வந்த நர்ஸம்மாவுக்கு வீட்டுக்காரர் என்னத்தைச் சொல்வார், பாவம்? அவரா காருக்குள் இருந்தார்? கையில் பாத்திரமும் சோப்புமாக நின்றவர், "நின்னிருக்கும்" என்று சொல்லி வைத்தார்.

"இருக்கும் என்ன இருக்கும்? நின்னுச்சுங்க! குறுக்கே ஒரு பொண்ணு சைக்கிள்ல வந்தா. வெள்ளைக் கோட்டுக்கு முன்னாடியே ஜம்முனு நிறுத்தினேன். அவ என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டுக்கூடப் போனா. கடைசியில அந்த ஆபீசர், 'நீங்க நிறுத்தலைம்மா'ன்னு ஃபெயில் போட்டுட்டார். நிறுத்தாம ஒரு கார் எப்படிங்க நிக்கும்?"

நியாயமான கேள்விதான். யோசிக்க யோசிக்க நர்ஸம்மாவுக்குத் தலை சுற்றியது. நம்ம கண்ணே நம்மை ஏமாத்துதா, இல்லை அந்த மனுஷனுக்குத்தான் கண் அவிஞ்சு போச்சா?

விஷயம் சின்னதாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை கைக்கு வந்திருந்தது. கார் ஆஸ்பத்திரியே தரும். இந்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸைக் காட்ட வேண்டும். மறுபடி டெஸ்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் அப்பீல். ஆனால் அப்பீல் போட்டால் முடிவு தெரிகிறவரை டெஸ்ட் கிடையாது. ஜெயித்தால் லைசென்ஸ் கையில். தோற்றால் வேலை அம்பேல்.

"போடு அப்பீலை!" என்றார் வீட்டுக்காரர். "குட்டக் குட்டக் குனியறவங்களும் முட்டாள்தான். உங்க டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் பின் சீட்டுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தார்? அவரைச் சாட்சி சொல்லச் சொல்லு."

வாத்தியார் டிரைவிங் ஸ்கூல் வாசலில் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பீல் போடப் போறேன் சார். கார் நின்னுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

துடைத்த கை அப்படியே நின்றது. "அப்பீலெல்லாம் எதுக்கு சிஸ்டர்? இன்னும் கொஞ்ச நாள் கிளாஸுக்கு வாங்க. ஃபீஸே வேணாம்."

ஃபீஸ் வேண்டாமா? பாக்கி வைத்தால் சாவியையே தொடவிடாத மனுஷனாச்சே! குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது இதுதானோ?

"ஆபீசரைப் பகைச்சுக்கிட்டா உங்க பிழைப்பு கெட்டுப்போயிடும். அதானே?"

"ஐயோ, அவர் தங்கமான மனுஷன் சிஸ்டர்."

"தங்கம்! சரி, கார் நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு."

"அப்ப அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

வாத்தியார் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். நர்ஸம்மாவுக்கு இருந்த குழப்பம் இரண்டு பங்கானது. நின்னுச்சு என்கிறார், சொல்ல மாட்டேன் என்கிறார். இவர் நம்ம பக்கமா, அந்தப் பக்கமா?

"நீங்க வராட்டி போங்க. நான் போடத்தான் போறேன்" என்று திரும்பினாள்.

"ஆழம் தெரியாம காலை விடாதீங்க சிஸ்டர்." வாத்தியார் துணியை வீசி எறிந்தார். "வண்டியில ஏறுங்க."

கடைத்தெருவுக்குப் பின்னால், லீவு நாளில் ஈ காக்கை இல்லாத தெரு. பக்கத்தில் வாத்தியார், வழக்கமான இடத்தில். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஆபத்து வந்தால் மட்டும்தான் தொடுவேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். டெஸ்டன்று அந்த இடத்தில்தான் ஆபீசர் உட்கார்ந்திருந்தார்.

"அதோ, அந்த வெள்ளைக் கோட்டுல நிறுத்துங்க."

இதென்ன பிரமாதம்! நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாத்தியார் செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?

கோடு வந்தது. வழக்கம்போல் பிரேக்கில் மெத்தென்று காலை வைத்தாள்.

கார் கோட்டைத் தாண்டி, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"மிதிங்க! அழுத்தி மிதிங்க!"

உயிரைக் கொடுத்து மிதித்தாள். மூடிக் கிடந்த கடையின் படியருகே போய், குலுங்கி நின்றது.

"சார்... பிரேக் கெட்டுப் போச்சா?"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு." வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "முதல் நாள் குப்பைத் தொட்டியில இடிச்சிட்டு ஓன்னு அழுதீங்களே... இனிமே வரவே மாட்டீங்களோன்னு நினைச்சேன். மறுநாள்லேர்ந்து நீங்க கால் வைக்கும்போதெல்லாம் நானும் மிதிச்சேன். 'நல்லா நிறுத்தறேனா சார்'னு அவ்வளவு சந்தோஷமாக் கேப்பீங்க. அப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு வாயே வரலை."

"அப்ப டெஸ்ட்டுல..."

"ஆபீசர் மிதிச்சார்."

சைக்கிளில் போன பெண்ணின் சிரித்த முகம் கண் முன்னால் வந்தது. அந்தப் பிள்ளை... ஐயோ!

போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"என்னாச்சு? வாத்தியார் சாட்சி சொல்றாராமா?"

"சொல்லிட்டாருங்க."

"அப்புறம் என்ன? போடு அப்பீலை!"

"அந்த ஆபீசருக்கு ஒரு கும்பிடுதாங்க போடணும். வீட்டுக்கு வந்து சொல்றேன்."

போனை வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். அவள் அழுவதைப் பார்த்த வாத்தியார், சத்தமில்லாமல் காலைக் கீழே இறக்கப் போனார்.

"காலை மேலேயே வச்சுக்குங்க சார்."