சோபாவுக்கு ஏற்ற தோட்டம்

உலகத்தில் ஓவியத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர், அவர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள் என்று விமர்சகர் அறிவித்தார். மூன்றாமவர் யார் என்று யாரும் கேட்காததால் தாமே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

படங்களை வரைந்தவள் அவர் பின்னாலேயே நடந்தாள். அவளுடைய முதல் கண்காட்சி இது; கடைசி நாளாகியும் ஒரு படம்கூட விற்கவில்லை. இவர் பத்திரிகையில் எழுதும் நாலு வரி அவளைத் தூக்கி நிறுத்தும். இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு யானை வரையச் சொல்லித்தரும் டியூஷனுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

விமர்சகர் பூந்தோட்டப் படத்தின் முன்னால் நின்றார். நூறு வருடத்துக்கு முன் ஒரு பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் சலிக்காமல் வரைந்த தோட்டத்தை, பிளாஸ்டிக் வாளியும் ரப்பர் குழாயுமாக அவள் புதிதாக வரைந்திருந்தாள்.

அவர் கையை விரித்து, படத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை காற்றிலேயே சாண் சாணாக நகர்த்தினார். "ஆறு," என்று முணுமுணுத்தார். படத்தின் அமைப்பை ஆராய்கிறார் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு "ம்" வந்தது. பாராட்டா, இரங்கலா, தெரியவில்லை.

அப்போது ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். மனைவி கைப்பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்துப் படத்துக்கு நேரே பிடித்தாள்.

"என்னங்க, இந்த ஊதா நம்ம சோபாவுக்கு அப்படியே பொருந்துது பாருங்க!"

"அப்ப இதையே எடுத்துடலாம்," என்றான் கணவன்.

விமர்சகர் திரும்பினார்.

"சோபாவுக்கா? கலை என்னம்மா, மேசை விரிப்பா? சுவர் மொட்டையா இருக்குன்னு ஓவியம் வாங்கறவங்க, தலை மொட்டையா இருக்குன்னு கவிதைப் புத்தகத்தைக் கவுத்துக்குவாங்க! நாலு தெரு தள்ளித் திரைச்சீலைக் கடை இருக்கு, போங்க."

"இல்ல சார், நாங்க சும்மா..." கணவன் துணித்துண்டைப் பைக்குள் திணித்தான். "வா, போலாம்."

இருவரும் திருட்டுத்தனம் பண்ணியவர்கள் மாதிரி நழுவினார்கள்.

"சார், வாங்கறேன்னு வந்ததே அவங்க மட்டும்தான் சார்," என்றாள் அவள்.

விமர்சகர் வாசலுக்குப் போய், அவர்கள் தெரு திரும்பும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி வந்து, குரலைத் தணித்துக்கொண்டார்.

"இதை எனக்கு எடுத்து வைம்மா. எங்க ஹால் சுவர்ல ஈரக்கறை, சரியா ஆறு சாண்."